காவல் நாயின் பல்லைக் கவனியுங்கள்

பட்டியைக் காக்கும் நாய்க்கு 42 பற்கள். அதன் வாய் நாறுது, ஈறு சிவந்து ரத்தம் கசியுதுன்னா, பல்லில் ஊத்தை படிந்து காரையாக இறுகியிருக்கலாம். கத்தியால் சுரண்டாதீங்க, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரை வராமல் தடுக்க, ஈரத்துணியை விரலில் சுற்றித் தினமும் பல்லின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். குட்டியிலேயே பழக்கினால் முரண்டு பிடிக்காது. நம்ம பற்பசை வேண்டாம், நாய் விழுங்கிவிடும். வெந்த எலும்பும் வேண்டாம். சிம்பு தொண்டையில் குத்தும்.

முக்கியமாக ஒன்று. நாய் திடீரென்று எச்சில் ஒழுக்கி, தாடை தொங்கி நின்றால், ‘எலும்பு மாட்டிக்கிச்சு’ என்று வாய்க்குள் கையை விடாதீங்க. அது வெறிநோயாக இருக்கலாம். பல் கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்குங்க.