இறால் ஓடு வேரைக் காப்பது எப்படி?

தூத்துக்குடியிலும் நாகையிலும் இறால் உரித்தபின் மிஞ்சும் தலையும் ஓடும் குப்பைக்குப் போவது பெரிய இழப்பு. அந்த ஓட்டில் கால்சியம் கார்பனேட், புரதம், கைட்டின் மூன்றும் இருக்கின்றன. கைட்டினில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன். ஆனால் செடியால் அதை நேரே உறிஞ்ச முடியாது. ஓட்டுத்தூள் மண்ணில் விழுந்ததும், கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, கைட்டினேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. தக்காளி வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவின் முட்டை ஓட்டிலும், வாடல் நோய்ப் பூஞ்சையின் செல் சுவரிலும் இருப்பது அதே கைட்டின்தான்! இறால் ஓட்டுக்காகத் திரண்ட படை அவற்றையும் அரிக்கிறது.

உப்புப் போக அலசி, உலர்த்திப் பொடித்து, நடவுக்குச் சில வாரங்கள் முன்பே இடவேண்டும்; மட்கும்போது வெளிவரும் அம்மோனியா இளம் வேரைக் கருக்கும். சுண்ணாம்பு மிகுந்த இந்த ஓட்டுத்தூள் அமில மண்ணுக்கே ஏற்றது. களர் நிலத்தில் இடாதீர்கள்.