எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஸ்பிண்டில்



லேத் இயந்திரத்தில், கடையும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் ‘சக்’கைத் தாங்கிச் சுழலும் தண்டுதான் ஸ்பிண்டில். அது அமர்ந்திருக்கும் வார்ப்பிரும்புப் பெட்டி ஹெட்ஸ்டாக். இன்றைய லேத்களில் ஸ்பிண்டிலைத் தாங்குவது பெரும்பாலும் உருளை பேரிங்குகளே. ஆனால், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1906-இல் ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய சவுத் பெண்ட் நிறுவனத்தின் பழைய 9 அங்குல லேத்கள் பலவற்றில் தனி பேரிங்கே கிடையாது. எஃகு ஸ்பிண்டில், ஹெட்ஸ்டாக்கின் வார்ப்பிரும்புத் துளைக்குள் நேரடியாகச் சுழலும்!

இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்துவிடாதா? அங்கேதான் எண்ணெய் கைகொடுக்கிறது. அடியிலுள்ள குழியிலிருந்து, விளக்குத் திரியைப் போல, ஃபெல்ட் திரி எண்ணெயை மேலே ஏற்றுகிறது. சுழலும் ஸ்பிண்டில் அதைக் குறுகிய இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே உருவாகும் அழுத்தமே ஸ்பிண்டிலைத் தூக்கி நிறுத்துகிறது. இந்த அழுத்தத்தை 1883-இல் பிரிட்டனில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் சோதனையில் கண்டறிந்தார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதைக் கணிதத்தால் விளக்கினார்.

ஸ்பிண்டிலுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி, ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். தேய்மானத்தால் அது கூடினால், ஹெட்ஸ்டாக்கின் பிளவில் உள்ள ஷிம் தகட்டின் கனத்தைக் குறைத்து இறுக்கினால் போதும்.

இத்தகைய பழைய லேத் உங்கள் பட்டறையில் இருக்கிறதா? கிரீஸ் வேண்டாம், மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். திரி இறுகிப்போயிருந்தால் உடனே மாற்றுங்கள்.