கொடை வரியும் கைப்பேசிச் சந்தாவும்

குமரி மாவட்டத்து மயிலாடியில் ஒரு சிலை செய்யச் சொல்பவர் தம் பணம் எந்தச் சிற்பியின் உளிக்குக் கூலியாகிறது என்பதைக் கண்ணாரக் காண்கிறார். இந்த வட்டாரத்தின் கோவில் கொடை விழாக்களிலும் அந்த நியாயமே நிலைத்து வந்திருக்கிறது. அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடக்கும் இரவில், வில்லும் குடமும் உடுக்கும் தாளமும் கொண்டு வில்லுப்பாட்டுக் குழுவினர் தெய்வத்தின் கதையைப் பாட, அதற்கான செலவை ஊரார் குடும்பத்துக்கு இவ்வளவென்று தலைக்கட்டு வரியாகத் திரட்டுகிறார்கள். வரி கொடுத்தவரும் வழிப்போக்கரும் ஒன்றாக அமர்ந்து கேட்கிறார்கள். பாடியவருக்குரிய சன்மானம் பாடியவர் கைக்கே போய்ச் சேருகிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாடறியச் செய்த அக்கலை தழைத்து நின்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

அக்கலையும் மற்றக் கலைகளும் இன்று இணையத்தின் வழியே கைப்பேசிக்குள் வந்துவிட்ட காலத்தில், அவை வரும் வழியையும், அவற்றுக்கு நாம் கொடுக்கும் பணம் போகும் வழியையும் சிந்திப்பது நம் கடமையாகும்.

முதலில் வரும் வழி. 1984இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி நிலையத்தின் அலையை ஒருவர் கேட்டாலும் ஊரே கேட்டாலும் ஒலிபரப்பும் செலவு ஒன்றுதான். இணையமோ ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடை வெட்டுகிறது. 2023 நவம்பர் 19ஆம் தேதி உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஒரே இணையத் தளத்தில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தபோது, அத்தனை ஓடைகள் ஏககாலத்தில் ஓட வேண்டியிருந்தது. திரைப்படமானால் அதன் பிரதியைப் பார்வையாளருக்கு அருகிலுள்ள கணினிகளில் முன்கூட்டியே வைத்துப் பாரத்தைக் குறைக்கலாம். எல்லாரும் ஒரே நொடியில் காணும் நிகழ்ச்சிக்கு அலைபரப்பே சிக்கனமானது. இணையமின்றிக் கைப்பேசிக்கே நேராக ஒளிபரப்பும் முறையைப் பெங்களூரிலும் டெல்லியிலும் நொய்டாவிலும் சோதித்திருப்பது, பழைய வானொலியின் விவேகத்துக்கு நாம் திரும்புவதையே காட்டுகிறது.

இதனினும் முக்கியமானது பணம் போகும் வழி. இசைத் தளங்கள் பெரும்பாலும் சந்தாப் பணம் அனைத்தையும் ஒரே உண்டியலில் சேர்த்து, மொத்தமாகக் கேட்கப்பட்டதில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுப் பிரிக்கின்றன. மாதம் 100 ரூபாய் செலுத்தி வில்லுப்பாட்டை மட்டுமே கேட்கும் ஒருவரின் பணத்திலும் பெரும்பகுதி, அவர் ஒருநாளும் கேளாத பாடல்களுக்கே போய்விடுகிறது. ஸ்பாட்டிஃபை என்னும் இசைத் தளமோ, ஓராண்டில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே இல்லை என்று 2024 முதல் விதித்திருக்கிறது. சிறிய கலைஞருக்கு இதனால் விளையும் நஷ்டத்தை நான் பெரிய அநீதியாகவே கருதுகிறேன்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொருவர் பணத்தையும் அவரவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் முறையைச் சவுண்ட்கிளவுட் என்னும் இசைத் தளம் 2021இல் தொடங்கியது. கேரளம், 2024 மார்ச் மாதத்தில் 'சி ஸ்பேஸ்' என்னும் அரசுத் தளத்தை நிறுவியது. மாதச் சந்தா ஏதுமின்றி, பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய் கட்டணம் வைத்து, அதில் பாதியைப் படத்தை அளித்தவருக்கே கொடுப்பதென்று அது வகுத்தது. பார்ப்பதற்கு மட்டும் பணம் என்னும் இந்தச் சிந்தனை தமிழருக்கும் புதிதன்று. 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் தனிக்கட்டணத்தில் வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு நேரே அனுப்ப முனைந்து, திரையரங்க உரிமையாளர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் கணியான் கூத்தும் சிறு படங்களும் ஒருங்கே இடம்பெறும் ஒரு பொதுத் தளத்தைத் தமிழக அரசு நிறுவி, கேட்பவர் கொடுக்கும் காசில் நிச்சயமான பங்கு கலைஞரைச் சேருமாறு சட்டத்தாலேயே உறுதி செய்ய வேண்டும். அதுவரை வாசகர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு: கைப்பேசியில் ஒரு பாட்டு உங்கள் மனத்தைத் தொட்டால், பாடியவர் யாரென்று விசாரித்து அறியுங்கள், உங்கள் ஊர்க் கொடைக்கு அவரை அழைத்து, உரிய சன்மானத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.