சிறு கடைசற்பொறியின் உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்தது நுரைச்சோலை. அதற்கு ஒருபுறம் கடல். மறுபுறம் புத்தளம் கடனீரேரி. மணற்பாங்கான அந்நிலத்தில் வெங்காயமும் மரக்கறியும் நீர்ப்பம்பிகளை நம்பியே விளைகின்றன. 2011 ஆம் ஆண்டில் அங்கு இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையம், 2014 இல் மூன்று பிரிவுகளும் நிறைவுற்றபோது 900 மெகாவாட் ஆற்றலுடையதாயிற்று. அதன் நீராவிச் சுழலி நிமிடத்திற்கு 3000 முறை சுற்றுவது. தோட்டத்துப் பம்பியின் தண்டோ ஒருவன் கையில் எளிதாய் ஏந்தத்தக்க சிறு பொருள். ஆயினும் இரண்டுக்கும் இன்றியமையாத பண்பு ஒன்றே. தண்டின் ஒவ்வொரு பகுதியும் ஒரே அச்சைப் பற்றி வட்டமாய் அமைதல் வேண்டும். அவ்வட்டத்தை இரும்பிலே தோற்றுவிக்கும் கருவியே கடைசற்பொறி. பட்டறையில் அதற்கு 'லேத்' என்று பெயர்.

தயிர் கடைவதையும் மரங் கடைவதையும் தமிழ் ஒரே வினையாற் குறித்தது பொருத்தமே. பழைய கடைசற்காரர் கயிற்றை மாறிமாறி இழுத்து மரத்தை முன்னும் பின்னுமாகச் சுழற்றினர். உளியைக் கையாற் பிடித்தனர். இரும்பைக் கடைவதற்கு அக்கைப்பிடி போதாது. உளியை ஒரு சறுக்குத் தாங்கியிற் பூட்டி, திருகினால் நகர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் இங்கிலாந்தின் ஹென்றி மோட்ஸ்லி தலையாயவர். 1800 ஆம் ஆண்டையொட்டி அவர் அமைத்த பொறியின் சாயல் இன்றைய சிறு லேத்திலும் காணப்படும்.

பொறியைக் காண்போர் கண் முதலிற் சுழலும் பகுதிக்கே செல்லும். ஆனால் பொறியின் நேர்மை, அசையாது கிடக்கும் படுகையிலேயே தங்கியுள்ளது. 'பெட்' எனப்படும் இப்படுகை வார்ப்பிரும்பாலானது. அதன் மேல்முகத்தில் நீளவாட்டில் அமைந்த தடங்கள் மிக நுட்பமாகச் சீவி நேராக்கப்பட்டவை. ஏனைய உறுப்புகள் யாவும் இத்தடங்களையே ஆதாரமாகக் கொண்டு நிற்கும் அல்லது நகரும். படுகை மயிரிழை முறுக்குண்டாலும், உளி செல்லும் வழி அச்சை விட்டு விலகும். கடைந்த தண்டு ஒருமுனை பருத்து மறுமுனை சிறுத்துப் போகும்.

படுகையின் இடக்கோடியில் நிலையாகப் பொருந்தியிருப்பது தலைப்பகுதி. இதனுள்ளே தாங்கிகளிற் சுழலும் முதன்மைத் தண்டு உண்டு. அது துளையுடையதாகையால் நீண்ட கம்பியையும் அதனூடே செலுத்திக் கடையலாம். தண்டின் முகப்பிற் பூட்டப்படும் 'சக்' என்னும் கவ்வி வேலைப்பொருளை இறுகப் பிடிக்கும். மூன்று தாடைகள் ஒருங்கே நகரும் கவ்வி விரைவுக்கு ஏற்றது; எனினும் அதிற் சிறு விலகல் இருத்தல் இயல்பு. ஏற்கெனவே கடைந்த தண்டை மீண்டும் பிடித்துத் திருத்த வேண்டுமாயின், தாடைகள் தனித்தனியே நகரும் நான்கு தாடைக் கவ்வியே தக்கது. நேரம் மிகும், பழுது குறையும்.

சுழற்சி வேகத்தை மாற்றும் வாரும் பற்சக்கரங்களும் தலைப்பகுதியைச் சார்ந்தவை. மென்னுருக்கை அதிவேக உருக்கு உளியாற் கடைய, மேற்பரப்பு நிமிடத்திற்குச் சுமார் 25 மீற்றர் ஓடுதல் போதும். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டுக்கு இது ஏறத்தாழ 320 சுற்றாகும். விட்டம் இருமடங்கானால் சுற்று பாதியாதல் வேண்டும்.

எதிர்க்கோடியில் உள்ள வாற்பகுதி படுகைமீது நகர்ந்து, வேண்டிய இடத்திற் பூட்டப்படும். நீண்ட தண்டின் நுனியை அதன் கூர்முனை தாங்கும். கூர்முனையை நீக்கித் துளையூசியைச் செருகினால் துளையிடவும் உதவும். இக்கூர்முனை அச்சினின்றும் பக்கவாட்டில் 0.1 மில்லிமீற்றர் விலகியிருப்பின், அந்நுனியில் விட்டம் 0.2 மில்லிமீற்றர் பிழைபடும். அத்துணைப் பிழை பம்பியின் தாங்கி தளரவும், தண்டு அதிர்ந்து நீர் கசியவும் போதியது. பயிருக்கு நீர் பாய வேண்டிய நாளிற் பம்பி நின்றுபோதல் தோட்டக்காரர்க்குச் சிறிய இழப்பன்று.

உளியைச் சுமந்து செல்வது வண்டி. படுகைமீது அமரும் சேணம், அச்சுக்குக் குறுக்கே செல்லும் சறுக்கி, வேண்டிய கோணத்திற்குத் திருப்பத்தக்க மேற்சறுக்கி, உளியைப் பிடிக்கும் 'டூல் போஸ்ட்' ஆகியவை இதன் கூறுகள். உளிமுனை அச்சின் உயரத்தில் நிற்றல் வேண்டும். தாழ்ந்திருப்பின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துவர். புதிதாய்ப் பயில்வோர் பெரிதும் மயங்கும் இடம் ஒன்றுண்டு: உளியை 0.1 மில்லிமீற்றர் முன்செலுத்தினால் விட்டத்தில் 0.2 மில்லிமீற்றர் குறையும். சில பொறிகளின் அளவுவளையம் விட்டக் குறைவையே காட்டும். சிலவற்றில் உளியின் நகர்வே குறிக்கப்பட்டிருக்கும். எதுவென்று அறியாமல் கடைபவர் தண்டைக் கெடுப்பது உறுதி.

படுகையின் முன்புறமாக ஓடும் நீண்ட திருகு, வண்டியைச் சுழற்சியோடு இணைத்து நடத்துவது. இதனாலேயே தண்டில் மரையிடல் இயலும். அத்திருகின் புரியிடை 3 மில்லிமீற்றராக, முதன்மைத் தண்டின் பக்கத்தில் 20 பல்லும் திருகின் பக்கத்தில் 40 பல்லும் உள்ள சக்கரங்களை மாட்டினால், 1.5 மில்லிமீற்றர் மரை கிடைக்கும். திருகு அங்குலக் கணக்கில் அமைந்த பழைய பொறிகளிற் மில்லிமீற்றர் மரை இட 127 பற்கள் கொண்ட சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதன் ஐந்து மடங்கு 127 என்பதே காரணம்.

நுரைச்சோலை போன்ற கரையோரத்தில் இப்பொறிக்குப் பகை இரண்டு: உப்புக் காற்றும் மணலும். உப்பு, தடங்களிற் துருவை ஏற்றும். மணலோ எண்ணெயுடன் கலந்து அரைக்கும் பசையாகி, வண்டி செல்லுந்தோறும் தடத்தைத் தின்னும். பெரும்பாலான வேலை கவ்வியருகே நடப்பதால் தேய்வும் அங்கேதான் மிகும். ஆதலின் எண்ணெயிடுமுன் தடங்களைத் துடைத்தல் வேண்டும். துடையாது மேலும் மேலும் எண்ணெய் ஊற்றுதல் தீமையே பயக்கும். வேலை முடிந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு மூடிவைத்தல் நன்று. இளகிய மணல்தரையில் நேரே நிறுத்திய பொறி நாளடைவில் முறுக்குண்ணுமாகையால், உறுதியான கொங்கிரீட்டுத் தளம் வேண்டும்.

படுகை நேராயுள்ளதா என அறிய எளிய சோதனையொன்று உண்டு. பருமனான உருக்குத் துண்டைக் கவ்வியில் மட்டும் பிடித்து, வாற்பகுதியின் துணையின்றி, நடுப்பகுதியைச் சற்றே குடைந்து, சுமார் 100 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு வளையங்களை விட்டுக்கொள்ள வேண்டும். உளியின் நிலையை மாற்றாது இரண்டையும் மிக மெல்லியதாகக் கடைந்து, மைக்ரோமீற்றரால் அளக்க வேண்டும். வெளிநுனி வளையம் பெரிதாயிருப்பின், படுகையின் வாற்கோடியில் முன்காலின் கீழ் மெல்லிய தகட்டை வைத்து, மீண்டும் கடைந்து அளப்பர். இரு வளையங்களும் ஒத்தபின்னரே பம்பியின் தண்டு பொறியில் ஏறும்.