முட்டுக்கட்டை போடும் நொதி

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் கீழச்சித்திரை வீதியிலிருந்து தெற்குச் சித்திரை வீதிக்குத் திரும்புகிற முனையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊரே அண்ணாந்து நம்பெருமாளைச் சேவித்துக்கொண்டிருக்கும். சிறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த எனக்கோ கண் கீழேதான் போகும். சக்கரத்தை ஒட்டி, கையில் முட்டுக்கட்டையோடு சிலர் குனிந்தபடியே நகர்வார்கள். உருண்டு வரும் சக்கரத்தின் வாயில் கட்டையைச் செருகுவார்கள். ஒரு பக்கச் சக்கரம் தயங்கும், மறு பக்கம் உருளும், அத்தனை பெரிய தேர் முனை திரும்பும். போட்ட கட்டையை அந்த நொடியே உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் அசையாது.

'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று பேச்சில் நாம் ஒருவரை ஏசுகிறோம். தேரடியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது வசவே இல்லை. கட்டை போடத் தெரிந்தவர் இல்லாமல் தேர் நிலைக்கு வந்து சேராது.

நம் நரம்புச் செல்லுக்குள் இதே வேலையைச் செய்கிற நொதி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சிடிகே-5. கைனேஸ் என்னும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் தொழில் ஒன்றுதான்: ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, ஒரு புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டுவது. பாஸ்பேட் ஏறியதும் புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறும். பாஸ்படேஸ் என்ற இன்னொரு வகை நொதி வந்து அதைக் கழற்றினால் பழைய நிலை திரும்பும். போடுவதற்கு ஓர் ஆள், உருவுவதற்கு ஓர் ஆள். இந்தப் போட்டு உருவும் வித்தையைத் தசைச் செல்லில் கண்டறிந்த எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் இருவருக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிடிகே-5 நரம்புத் திசுவில் அடையாளம் காணப்பட்டதும் அதே 1992-ஐ ஒட்டித்தான்.

மற்ற செல்களைவிட நரம்புச் செல்லுக்கு இந்த வித்தை ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? அதன் நீளத்தைப் பாருங்கள். கால் விரலை அசைக்கும் நரம்புச் செல்லின் உடல் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதன் அகலம் மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து புறப்படும் ஆக்சான் என்ற இழை பாதம் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது. செல்லின் உடலைத் திருச்சியில் ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொண்டால், அதன் வால் தஞ்சாவூரைத் தொடும். சரக்கு பெரும்பாலும் வீட்டில்தான் தயாராகிறது. அதைத் தஞ்சாவூர் வரை கொண்டுசேர்க்க வேண்டும், பழையதைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.

இதற்காகச் செல்லுக்குள் ஒரு சட்டகம் இருக்கிறது. அதில் நுண்குழல்கள்தான் பாதை. ஒரு குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் 3,000 குழல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். கைனசின் என்ற புரதம் சரக்கைச் சுமந்துகொண்டு இந்தக் குழல்மேல் அடி வைத்து நடக்கும். குழல்கள் பிரிந்து போகாமல் அவற்றோடு ஒட்டிக்கொண்டு உறுதி தருவது டௌ என்ற புரதம். பொன்மலை ரயில்வே பணிமனைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: டௌ, தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டை. நுண்குழல்களோடு நரம்பு நுண்ணிழைகள் என்ற கம்பிகளும் சேர்ந்து ஆக்சானின் பருமனைத் தாங்குகின்றன.

இந்த நுண்ணிழைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பங்கு ஹரீஷ் சந்திர பந்த் என்ற இந்தியரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஆக்ரா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். 1974-இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் இச்சிஜி தசாக்கியோடு சேர்ந்து கணவாயின் நரம்பை ஆராயத் தொடங்கினார். மீன் சந்தையில் நாம் பார்க்கிற கணவாய்க்கு உறவுதான். அதன் பெரிய ஆக்சான் ஒரு மில்லிமீட்டர் பருமன் வரை இருக்கும் என்பதால், உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுத்தே பரிசோதிக்க முடியும்.

நுண்ணிழைகளை ஆராய்ந்தவர்கள் கண்ட செய்தி ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நுண்ணிழைப் புரதங்களில் பெரியதற்கு நீண்ட வால் உண்டு. பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்கள் அதில் நாற்பதுக்கும் மேல். ஆரோக்கியமான செல்லில் அந்த வாலில் பாஸ்பேட் நிறைவது ஆக்சானுக்குள் போன பிறகுதான். செல்லின் உடலுக்குள் அது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். தசைகளை இயக்கும் நரம்புச் செல்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். போன்ற நோய்களில் பாஸ்பேட் ஏறிய இழைகள் செல்லின் உடலிலேயே குவிந்து கிடக்கின்றன. ஆக்சானில் இருந்தால் உறுதி தரும் அதே பாஸ்பேட், செல் உடலில் இருந்தால் நோயின் அடையாளம்.

சிடிகே-5 கதையும் இடத்தின் கதைதான். அது தனியாக வேலை செய்யாது. பி-35 போன்ற ஒரு துணைப் புரதம் பிடித்துக்கொண்டால்தான் விழிக்கும். பி-35-க்கு ஒரு கொழுப்பு வால் உண்டு. அதைக் கொண்டு செல்லின் சவ்வில் கட்டிப்போட்டது போல் நிற்கும். ஆயுளும் அரை மணிக்குள்தான். ஆகவே கட்டை போடுபவர் சக்கரத்தை விட்டு அகலாமல் நிற்கிறார், வேலை முடிந்ததும் ஓய்கிறார்.

செல்லுக்கு ஆபத்து வந்து கால்சியம் பெருகும்போது, கால்பெயின் என்ற வெட்டும் நொதி பி-35-ஐ நறுக்கிவிடுகிறது. மிச்சம் பி-25. கட்டு அறுந்தது, சவ்வை விட்டு அலைகிறது, ஆயுளும் பல மடங்கு கூடிவிட்டது. அதன் கையில் சிக்கிய சிடிகே-5 ஓயாமல், கண்ட இடத்திலெல்லாம் கட்டை போடுகிறது. டௌமீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறுகிறது. அது குழலை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சிக்காகிறது. ஸ்லீப்பர் கட்டை போன பாதையில் சரக்கு எப்படிப் போகும்? காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022-இல் மூடியபோது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுற்றிக்கொண்டாவது திருச்சிக்குப் போய் வந்தோம். ஆக்சானுக்குச் சுற்றுப்பாதை கிடையாது.

அந்தச் சிக்குகளைத்தான் ஆலோய்ஸ் அல்சைமர் 1906-இல் நினைவு தப்பி இறந்த அகுஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் மூளையில், வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் கண்டார். சிடிகே-5-க்கும் அவற்றுக்கும் உள்ள உறவை 1999-இல் லீ-ஹுவே சாய் குழு முன்வைத்தது: அல்சைமர் நோயாளிகளின் மூளையில் பி-25 சேர்ந்திருக்கிறது என்றார்கள். பின்னால் வந்த சில குழுக்களுக்கு மனித மூளையில் அந்த அளவு தென்படவில்லை. வாதம் தீரவில்லை. டௌமீது பாஸ்பேட் ஏற்றுகிற நொதிகள் வேறு பலவும் உண்டு. பழி முழுவதையும் ஒன்றின் தலையில் போடுவது நியாயமும் அல்ல.

அப்படியென்றால் சிடிகே-5-ஐ அடக்கிவிட்டால் என்ன? 1996-இல் அந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை பிறக்கும் தறுவாயிலேயே இறந்தன. மூளைப் புறணியில் நரம்புச் செல்கள் தத்தம் அடுக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. இந்த நொதியை வில்லன் என்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். அது இல்லாமல் மூளையே கட்டப்படாது.

பந்தின் குழு வேறு வழியில் போனது. பி-35-இலிருந்தே 24 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டைப் பிரித்தார்கள். அது பி-25 பிடித்த நொதியை மட்டும் தடுத்தது, பி-35-ஓடு முறையாக வேலை செய்வதை விட்டுவிட்டது. மூளைக்குள் நுழையும்படி மாற்றிய அதன் வடிவத்தை, அல்சைமர் தன்மை ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது பலன் தெரிந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வருவது நெடுந்தூரம். ஆனாலும், கட்டை போடுபவரை விரட்டாமல், கட்டறுந்து அலைபவரை மட்டும் தடுக்கப் பார்க்கும் இந்த யோசனைதான் சரியான திசை என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தார். நாற்பது வருஷம் அதே வீதியில் குடியிருந்தவர். ஒரு நாள் சாயங்காலம் வெள்ளை கோபுரத்தருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துக்கு எந்தப் பக்கம்டா போகணும்?" என்று கேட்டார். வயசாயிடுத்து, அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டோம், நானும்தான். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியா என்னும் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நாங்கள் விட்டதுபோல் நீங்கள் விட்டுவிடாதீர்கள். பி-12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இவை சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் வழக்கமான வழியை மறந்தால், அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.