வலையில் வந்த சங்கை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? கடல் நத்தையை அடையாளம் காண்பது எப்படி?

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரைக்கு காலையில் போனால், கரைக்கு வந்த நாட்டுப்படகுகளில் வலையைத் தட்டி மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். மீனோடு சங்கு, சோழி, முள் சங்கு எனப் பலதும் உதிரும். உற்றுப் பார்த்தால் சில இன்னும் நகரும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் உடனே கேட்பது ஒன்றுதான்: "இதை வீட்டு மீன் தொட்டியில் வளர்க்கலாமா?"

எல்லாவற்றையும் வளர்க்க முடியாது. சில பட்டினி கிடந்து சாகும். சில தொட்டியில் இருப்பதைத் தின்றுவிடும். ஒரு சில, கையில் எடுத்தாலே ஆபத்து. எது என்னவென்று இங்கே பார்க்கலாம்.

சங்கும் நத்தைதானா?

ஆமாம். ஒற்றை ஓட்டோடு, வயிற்றுப்புறத்தையே காலாக்கி நகரும் இந்தக் கூட்டத்துக்கு 'வயிற்றுக்காலிகள்' என்று பெயர். தோட்டத்து நத்தை, சோழி, கோயிலில் ஊதும் வெண்சங்கு எல்லாம் இதில் அடக்கம். திரேஸ்புரம் சங்குகுளி மீனவர்கள் மூழ்கி எடுக்கும் வெண்சங்கு, மணலில் இருக்கும் புழுக்களைத் தின்று வாழும் மாமிச உண்ணி. பாசி மட்டும் இருக்கும் தொட்டியில் அதைப் போட்டால் மெல்லப் பட்டினியில் சாகும்.

முதலில் வாயைப் பாருங்கள்

ஓட்டின் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்வது கஷ்டம். ஓட்டின் மேல் பாசி படிந்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அதனால் ஓட்டைத் திருப்பி, நத்தை வெளியே வரும் வாயைப் பார்க்க வேண்டும்.

வாய் வட்டமாக, பள்ளம் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அது பாசி தின்னும் நத்தை. டர்போ, டிரோகஸ், நெரைட் வகைகள் இப்படித்தான் இருக்கும்.

வாயின் ஒரு முனையில் குழல் போல நீட்டமோ வெட்டுப் பள்ளமோ இருந்தால், அது பெரும்பாலும் மாமிசம் தின்னும். நத்தை அந்த வழியாக ஒரு சதைக்குழாயை நீட்டி, தண்ணீரில் இரையின் வாசனையைப் பிடிக்கும். வெண்சங்கு, முள் சங்கு, கூம்புச் சங்கு எல்லாம் இந்த ரகம்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. செரித் நத்தைக்குப் பள்ளம் இருக்கும், ஆனால் பாசியும் மக்கும்தான் தின்னும். ஐவிரல் சங்கும் பாசி தின்பதுதான்.

தொட்டிக்கு எவை நல்லவை?

டிரோகஸ்: கூம்பு வடிவம். கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். கவிழ்ந்து விழுந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

அஸ்ட்ரியா: இதுவும் பாசி தின்னும். ஆனால் மணலில் கவிழ்ந்தால் தானாக நிமிர்வது கஷ்டம். தினமும் ஒரு பார்வை பார்த்து, கவிழ்ந்திருந்தால் திருப்பி வையுங்கள்.

செரித்: நீளமான திருகு வடிவம். பகலில் மணலுக்குள் இருக்கும், இரவில் வெளியே வந்து வேலை செய்யும்.

நசேரியஸ்: மணலுக்குள் புதைந்து குழாயை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். தீவனம் போட்டதும் சட்டென்று மேலே வரும். மிச்சத் தீவனத்தையும் செத்த மீனையும் தின்னும். பாசியைத் தொடாது.

எவை வேண்டாம்?

முள் சங்கு: சிப்பிகளிலும் மற்ற நத்தைகளிலும் ஓட்டை போட்டுத் தின்னும்.

பிரமிடெல்லா: அரிசியைவிடச் சின்ன வெள்ளை நத்தை. சிப்பி, நத்தைகளின் ஓரத்தில் ஒட்டி உடல் திரவத்தை உறிஞ்சும். ஆனால் சின்னதாக இருக்கும் எல்லா நத்தையும் இது இல்லை. வட்ட வாயோடு கண்ணாடியில் ஊர்ந்தால் பெரும்பாலும் அப்பாவிதான்.

கூம்புச் சங்கு: ஐஸ்கிரீம் கோன் போல அழகாக இருக்கும். ஆனால் ஈட்டி போன்ற விஷப் பல்லால் குத்தும். மீனைத் தின்னும் 'கோனஸ் ஜியோகிராஃபஸ்' குத்தி மனிதர்களே இறந்திருக்கிறார்கள். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. குத்திவிட்டால் அந்த உறுப்பை அசைக்காமல் கட்டி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதே குடும்பத்தின் விஷத்தைப் பார்த்து உருவாக்கிய 'சிக்கோனோடைட்' என்ற வலி மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் அடையாளம் தெரிவது ரொம்ப முக்கியம். 2001-ல் பவளங்களும், குறிப்பிட்ட சில சங்கு, சிப்பி இனங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. டிரைட்டன் சங்கு, டிரோகஸ் நைலோட்டிகஸ் அதில் உண்டு. சாதாரண ஐவிரல் சங்கு போலவே தெரியும் லாம்பிஸ் இனங்கள் பலவும் உண்டு. பார்த்தால் ஒன்று போல இருக்கும், எடுத்தால் ஒன்று மட்டும் வழக்காகும்.

வெண்சங்கு எடுப்பது அனுமதிக்கப்பட்ட தொழில். அதிலும் 57 மில்லி மீட்டர் குறுக்களவுக்குக் குறைந்த குஞ்சுச் சங்கை எடுக்கக் கூடாது என்பது நீண்டகால விதி.

தொட்டிக்கு அலங்காரமாகப் பவளக் கல் எடுப்பதும் தப்புதான், அது செத்த பவளமாக இருந்தாலும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி பக்கம் இருந்த விலாங்குசல்லி தீவு இன்று தண்ணீருக்கு அடியில். பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். எனவே கரையில் எடுப்பதைவிட, ரசீதோடு கடையில் வாங்குவது நல்லது.

எப்படிப் பராமரிப்பது?

உப்பு: லிட்டருக்கு சுமார் 35 கிராம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பு இல்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பலர் உப்புத் தண்ணீரையே ஊற்றி, உப்பு ஏறி நத்தையைக் கொல்கிறார்கள். துறைமுகப் பக்கத்துக் கடல் தண்ணீரில் எண்ணெயும் கழிவும் இருக்கும், வேண்டாம்.

வெப்பம்: 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. தூத்துக்குடி வெயிலில் தொட்டி 30-ஐத் தாண்டிவிடும். தண்ணீர் மேல் படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் குறையும்.

பழக்குவது: வாங்கியதும் நேரே போடாதீர்கள். மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது விட்டுப் பழக்குங்கள்.

மருந்து: மீனுக்குப் போடும் தாமிரம் கலந்த மருந்து நத்தைக்கு விஷம். நோய்பட்ட மீனைத் தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பாருங்கள்.

எண்ணிக்கை: பாசி தீர்ந்தால் நத்தை பட்டினிதான். சிலவற்றில் தொடங்குங்கள். பாசி குறைந்தால் காய்ந்த கடல்பாசித் துண்டு வையுங்கள்.

செத்துவிட்டதா, தூங்குகிறதா?

ரெண்டு நாள் அசையாமல் இருந்தால் வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் முடிந்தது. உடனே அகற்றாவிட்டால் அமோனியா ஏறி மற்றவையும் சாகும். நாற்றம் இல்லாமல், ஓட்டின் மூடியைத் தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது.

வளர்க்க முடியவில்லை என்று கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். கடையில் வாங்கியது வேறு நாட்டுக் கடலிலிருந்து வந்ததாக இருக்கலாம். வாங்கிய கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுங்கள். திரேஸ்புரம் கரையில் உயிரோடு நகரும் சங்கைப் பார்த்தால், படகுக்காரரிடம் கேட்டு அதைத் திரும்பக் கடலிலேயே விடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு போட்டோ போதும்.