லினக்ஸை அழித்தால் விண்டோஸ் ஏன் வர மறுக்கிறது?

உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய அரசு லேப்டாப் ஒன்று கிடக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வாங்கி மாணவர்களுக்குக் கொடுத்தவை அவை. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று ஒரு பட்டியல் வரும்.

பாஸ் எதற்கு, அந்த இடத்தில் நாலு சினிமா வைக்கலாமே என்று நினைத்து, விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை (ஹார்ட் டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) நீக்கினால் என்ன ஆகும்? மறுமுறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற வரியோடு நின்றுவிடும்.

விண்டோஸைத் தொடவே இல்லையே?

உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து முறையில் கம்ப்யூட்டர் முதலில் படிப்பது ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைத்தான். இதற்கு எம்பிஆர் என்று பெயர். அதில் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கும், கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கும் போய்விடும். தொடக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். அவ்வளவு சின்ன இடத்தில் க்ரப் (எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் நிரல்) முழுதாக அடங்காது. எனவே தலையை அங்கே வைத்துவிட்டு, உடம்பை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்திருக்கும். நீங்கள் அழித்தது அந்த உடம்பை.

படங்கள், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் போச்சா?

போகவில்லை. லினக்ஸ் பகுதியை மட்டும் அழித்திருந்தால் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகள் அப்படியே இருக்கும். கடையில் எடுத்த எடுப்பில் “ஃபார்மட் போட்டுடலாம்” என்பார்கள், சம்மதிக்காதீர்கள். லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, கோப்புகளை முதலில் வெளியே நகலெடுக்கச் சொல்லுங்கள். பிறகு விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்கின் ‘ரிப்பேர்’ பகுதியில் ‘பூட்ரெக்’ கட்டளையால் எம்பிஆரை மட்டும் திருத்தினால் பெரும்பாலும் விண்டோஸ் வந்துவிடும். லினக்ஸ் வேண்டாம் என்றால் வரிசை இதுதான்: முதலில் எம்பிஆரைத் திருத்துங்கள், விண்டோஸ் நேராக வருகிறதா என்று பாருங்கள், அதற்கப்புறம் அழியுங்கள்.

புது லேப்டாப்பில் இந்தத் தொல்லை இல்லையா?

வேறு உருவத்தில் உண்டு. இவற்றில் பூட் கோப்புகள் சி, டி போன்ற டிரைவ் எழுத்து இல்லாத ஒரு குட்டிப் பார்ட்டிஷனில் இருக்கும். பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள்தான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்க்கும்போது வீண் இடம் போலத் தெரியும். அதை நீக்கினால் விண்டோஸ் தொடங்காது.

எதையுமே அழிக்கவில்லை, ஆனாலும் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறதா?

பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் வட்ட பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரல்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். ‘யூஇஎஃப்ஐ’ (புதிய தொடக்க முறை) என்றிருந்த இடம் ‘லெகஸி’ (பழைய எம்பிஆர் முறை) ஆகியிருக்கலாம். புதுமுறையில் (ஜிபிடி) பிரித்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் லெகஸியில் தொடங்காது. பயாஸுக்குள் போய் அதை மறுபடி மாற்றுங்கள். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கரண்ட் கட்டில் திரும்பவும் இதே கதைதான்.